புள்ளி காட்டாதது



1923 இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் தொடக்கிவைத்த எங்கள் ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியில் நன்றாகப் படித்தவர்களைக் கைதட்டி வாழ்த்தியிருக்கிறோம், இனியும் வாழ்த்துவோம். ஆனால் 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, ஆலங்கேணிப் பக்கத்திலிருந்து திருகோணமலைக்குப் படிக்க வருவதென்றால் துறையில் பாதைக்குக் காத்துநிற்க வேண்டும். அப்படி வந்தும் மணியடிக்குமுன் சிரித்த முகத்தோடு வகுப்பில் இருப்பதற்கு எவ்வளவு உசார் வேண்டும்! 2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பிறகு, கொப்பியும் சீருடையும் இழந்த பிள்ளைகளும் இந்த நகரத்துப் பள்ளிகளுக்குத் திரும்பி வந்தார்கள். புள்ளி இதையெல்லாம் காட்டாது.

ஆகவே எங்கள் வேண்டுகோள்: சங்கத்தின் நூற்றாண்டுப் பரிசு, இடர் பாராமல் நாள்தோறும் உற்சாகமாக வரும் பிள்ளைக்கு, வகுப்புக்கு ஒருவராக. யாரென்பதை வகுப்பாசிரியை சொல்லட்டும். தேர்ச்சி அறிக்கையைக் கேட்கவேண்டாம்.