எந்தத் தெரு?



இந்தக் கருத்தரங்கை மதுரை ஆரப்பாளையத்தில் வைத்தது வசதிக்காகத்தான் என்கிறார்கள் அமைப்பாளர்கள். தேனி, உசிலம்பட்டி, வத்தலக்குண்டுப் பக்கமிருந்து வரும் ஆசிரியர்கள் பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். எனக்கு இன்னொரு பொருத்தமும் தோன்றுகிறது. புட்டுத்தோப்பு இங்கேதான் இருக்கிறது. பிட்டுக்கு மண் சுமந்த கூலியாளைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான், அந்த அடி அரசன் உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது என்று ஆவணிதோறும் இந்த ஊர் கொண்டாடுகிறது. பள்ளிக்கூடத்தில் அப்படி நடப்பதில்லை. ஒரு பையனைக் குத்தும் சொல் பக்கத்து பெஞ்சுக்கே உறைப்பதில்லை. ஆசிரியருக்காவது உறைக்கிறதா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரை, அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் காயம். தனக்கு நேரும் சாதித் தொல்லையை அவர் பள்ளியில் சொன்ன பிறகுதான் அது நடந்தது. புகாரைக் கேட்டுக்கொண்டதோடு ஆசிரியர் வேலை முடிந்துவிடாது. அன்று மாலை மணி அடித்த பிறகு அந்தப் பிள்ளை யாரோடு, எந்த வழியாக வீட்டுக்குப் போகிறது என்பதும் நம் கணக்கில்தான் சேரும்.

இதையொட்டி அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு கூடாது என்ற பரிந்துரையைத்தான் ஊடகங்கள் அதிகம் பேசின. அது புதிதல்ல, 2019இலேயே பள்ளிக் கல்வித் துறை அப்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பி, எதிர்ப்பு வந்ததும் அரசு பின்வாங்கியது. கயிறு கண்ணுக்குத் தெரிவதால் சண்டையும் அதன்மேல் நடக்கிறது. அதே அறிக்கையில் வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு இருக்கக் கூடாது, பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்பனவும் உண்டு. இவற்றைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நாளைக் காலை முதல் பாடவேளையிலேயே செய்யக்கூடியவை.

ஆனால் பதிவேட்டில் அழித்துவிட்டால் வாயிலிருந்து போய்விடுமா? “எஸ்சி ஸ்காலர்ஷிப் எல்லாம் எந்திரிங்கப்பா” என்று வகுப்பில் குரல் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உதவித்தொகை அந்தப் பிள்ளையின் உரிமை; நாற்பது பேர் நடுவே அதற்காக எழுந்து நிற்பது தண்டனை. தலைமையாசிரியர் அறைக்கு ஒவ்வொருவராக அழைத்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? யாரைத் தண்ணீர் எடுத்துவரச் சொல்கிறோம், யாரைத் துடைப்பம் எடுக்கச் சொல்கிறோம் என்பதையும் ஒரு வாரம் குறித்துவைத்துப் பாருங்கள். இன்னொன்று, “எந்த ஊரு?” என்று கேட்டுவிட்டு அடுத்ததாகக் கேட்கும் “எந்தத் தெரு?”. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் அந்தக் கேள்வி எதற்கு என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாறுதலில் வரும் புது ஆசிரியரிடமும், ஓய்வறையில் முதல் தேநீர் ஆறுவதற்குள் நாம் கேட்பது அதைத்தானே?

பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை எடுக்க வேண்டும் என்ற சந்துரு குழுவின் பரிந்துரைக்கு இந்தப் பக்கம் எதிர்ப்பு எழுந்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில், ரேகைச் சட்டம் எனப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குப் பணியாத கள்ளர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தக் காலத்துத் தழும்பு அந்தப் பெயரில் இருக்கிறது. பெயரை எடுப்பதில் எனக்கு உடன்பாடுதான். ஒரு சமூகத்தைப் பிறவியிலேயே குற்றவாளி என்று அரசு எழுதிவைத்த கதையை எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடமாக நடத்திவிட்டு எடுக்க வேண்டும். இல்லையென்றால் பலகை மாறும், அவ்வளவுதான்.

சக பணியாளர்கள் என்றதும் நமக்கு ஆசிரியர் சங்கம்தான் நினைவுக்கு வருகிறது; சமைப்பவர்களும் சக பணியாளர்கள்தான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், சிம்மக்கல் பக்கம் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டே கரூர் மாவட்டப் பள்ளி ஒன்றில், சமைப்பவரின் சாதியைச் சொல்லிப் பெற்றோர் சிலர் பிள்ளைகளைச் சாப்பிடவிடவில்லை. ஆட்சியரே போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. ஆட்சியர் ஒரு நாள் சாப்பிடலாம். தினமும் அங்கே இருப்பவர் ஆசிரியர். பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே உப்புமாவை நாம் சாப்பிட்டால், சுற்றறிக்கை எதுவும் தேவைப்படாது.

பார்வையற்ற ஆசிரியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் நம் மதுரையில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில், படித்துப் பட்டம் வாங்கி வேலைக்கு வந்துவிட்ட பார்வையற்ற ஆசிரியருக்கு, வேலைக்கு வந்த இடத்தில் நாம் என்ன செய்கிறோம்? “பாவம் சார், விடுங்க” என்று சொல்லி வகுப்பாசிரியர் பொறுப்பைக்கூடத் தருவதில்லை. சுற்றறிக்கையைக் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். தட்டச்சு செய்து அனுப்பியிருந்தால் அவருடைய கைப்பேசி அதை வாசித்துக் காட்டியிருக்கும்; படத்தின் முன் அது பெரும்பாலும் தடுமாறுகிறது. இரக்கத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை, தட்டச்சு செய்ய மட்டும் நேரமில்லை.

வீட்டில் சௌராஷ்டிரமும் உருதும் தெலுங்கும் பேசிவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் பற்றி இரண்டாம் அமர்வில் தனிக் கட்டுரைகள் இருப்பதால் அதை நான் தொடவில்லை.

இங்கே கட்டுரை வாசிக்க இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளடக்கம், பன்மைத்துவம் என்ற சொற்களோடு நிறுத்திக்கொள்ளாமல், உங்கள் பள்ளியில் எந்தப் பதிவேடு, எந்தப் பழக்கம் மாறியது, யார் எதிர்த்தார்கள், அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள். மாறவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். பிற்பகல் அமர்வில் மூன்று சமையலர்களும் ஒரு தூய்மைப் பணியாளரும் பேசுகிறார்கள். சாப்பிட்டதும் ஊருக்குப் பேருந்து பிடித்துவிடாமல் அதற்கும் இருந்து கேளுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.