நோயுற்ற குஞ்சும் நமது லயமும்

(அலோர் காஜா வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சங்கக் கூட்டத்தில் கோழிக்குஞ்சைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் சிரிக்கலாம். மழை பெய்து வெட்டு நின்று, வரும்படி குறையும் மாதத்தில் கைகொடுப்பது கொல்லைக் கோழிதானே? ஆதலால் இதுவும் நம் வயிற்றுப் பிரச்சினையே.

குஞ்சு இறகைத் தொங்கவிட்டு, கண்மூடி, ஒதுங்கி நின்றால் அன்றே கவனிக்க வேண்டும். நாளை பார்ப்போம் என்றால் நாளைக்குக் குஞ்சு இராது.

முதலில் அதைத் தனியே பிரித்து, அட்டைப் பெட்டியில் வையுங்கள். வெறும் காகிதம் விரித்தால் கால் வழுக்கும். காய்ந்த சாக்குத்துணி நல்லது. அடுத்தது சூடு. முதல் வாரத்துக் குஞ்சுக்கு ஏறக்குறைய 35 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். எல்இடி விளக்கு வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்பையோ, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியையோ ஒரு மூலையில் மட்டும் வையுங்கள். சூடு மிகுந்தால் குஞ்சு விலகிப் போக இடம் வேண்டும். தண்ணீரை ஆழமில்லாத தட்டில் ஊற்றி, அலகு நுனியை மெல்ல நனைத்துக் காட்டுங்கள்.

ஆசனவாயில் எச்சம் ஒட்டி அடைத்திருந்தால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து ஊறவைத்துத் துடையுங்கள். எச்சத்தில் இரத்தம் கண்டால் அது பெரும்பாலும் இரத்தக் கழிச்சல். ஈரத் தரையில் பெருகும் நோய் அது; மருந்துண்டு. கால்நடை இலாகாவில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் மிஞ்சிய மனிதர் மாத்திரையைக் கரைத்து ஊற்றாதீர்கள். குஞ்சைத் தொட்டபின் சவுக்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

ஆனால், மலாய்க்காரர் சம்பார் என்றும் தமிழ்நாட்டார் வெள்ளைக் கழிச்சல் என்றும் சொல்லும் நோய்க்கு மருந்தே கிடையாது. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசலிலும் அடையாளங்கண்ட நோய் அது. தடுப்பு மருந்து ஒன்றே வழி. அவிழ்த்துவிட்ட கோழியைத் துரத்திப் பிடித்து ஊசி போடுவது எளிதா? அதற்காகவே 1980களில் செர்டாங்கில் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தாரும், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் ஸ்பிராட்புரோவும் கூடி உழைத்தார்கள். சூட்டைத் தாங்கும் 'வி4' தடுப்பு மருந்தைத் தீனியில் கலந்தே கம்பத்துக் கோழிகளுக்குக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். ஏழையின் கோழிக்காகப் படித்தவர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். நாம் வாளாவிருக்கலாமா?

ஒரு வீடு தடுப்பு மருந்து கொடுத்து ஒன்பது வீடு கொடுக்காவிட்டால் நோய் லயத்தை விட்டுப் போகாது. கிராணி வீட்டுக் கோழி, வெட்டுக்காரர் வீட்டுக் கோழி என்று அது பேதம் பார்ப்பதுமில்லை. நோய் கண்ட கோழியை அவசரமாக விற்பது, அடுத்த வீட்டுக்கு நோயை விற்பதாகும். செத்ததைக் கால்வாயில் எறியாமல் ஆழப் புதையுங்கள். ஒரே நாளில் பல கோழிகள் விழுந்தால் மறைக்காமல் இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

லயத்துக்கு ஒருவர் பொறுப்பேற்று, எல்லா வீட்டுக் கோழிகளுக்கும் ஒரே நாளில் தடுப்பு மருந்து கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். கூலிக்கு ஒன்று சேர்ந்த நாம் குஞ்சுக்கும் ஒன்று சேர்வோம்.