கொக்கான் கல்லும் வகுத்தல் கணக்கும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் நாங்கள் இன்று ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஒவ்வொரு வகுப்பிலும் அவள் இருக்கிறாள். புதிதாய்ச் சேர்ந்த பிள்ளையைக் கைபிடித்து அழைத்து வருபவள் அவள்தான். கடைக்காரரோடு தமிழிலும் கதைப்பாள், சிங்களத்திலும் கதைப்பாள். ஆனால் பலகையில் ஒரு வகுத்தல் கணக்கை எழுதியதும் பென்சில் தீட்டப் போவாள்; தண்ணீர் குடிக்கக் கேட்பாள்; சிரித்துப் பேசிப் பக்கத்துப் பிள்ளையிடம் விடையை வாங்கிவிடுவாள். 'விளையாட்டுப் பிள்ளை' என்று அவளுக்குப் பெயர் வைத்துவிடுகிறோம்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க இந்தப் பெயர் பாரமாகிறது. வீட்டில் முதலில் நிறுத்துவது விளையாட்டையும் சிநேகிதிகளையும்தான். அதிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே: கஷ்டமான பாடம் வந்தால் தனிமையும் வரும். பிறகு அதை எப்படி விரும்புவாள்?

இதே பிள்ளை கொக்கான் வெட்டுவதைப் பாருங்கள். முதலில் ஒவ்வொரு கல், பிறகு இரண்டிரண்டு, கடைசியில் நான்கையும் ஒரே அள்ளாக. படிக்குப் படி கடினம். எத்தனை தரம் தவறினாலும் மறுபடி இருந்து வெட்டுவாள். அங்கே எல்லோரும் தவறுகிறார்கள். தவறியவளைப் பார்த்து 'உனக்கு மூளை இல்லை' என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே அவள் கஷ்டத்துக்குப் பயந்தவள் அல்லள். நாலு பேர் முன் 'தெரியாதவள்' ஆவதற்கே பயப்படுகிறாள். நாலு பேரை நேசிக்கும் பிள்ளைக்கு அந்தப் பயம் கூடுதலாகவே இருக்கும்.

நமது புகழ்ச்சியும் இந்தப் பயத்தை வளர்க்கலாம். அமெரிக்க உளவியலாளர்கள் கிளோடியா மியூலரும் கரோல் டுவெக்கும் 1998 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சில புதிர்களைச் செய்த பின், சிலரைக் கெட்டிக்காரர் என்றும் சிலரை நன்றாக முயன்றார்கள் என்றும் புகழ்ந்தார்கள். கெட்டிக்காரர் எனக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்து, தங்கள் கெட்டித்தனத்தைக் காட்டக்கூடிய வேலையையே தெரிவு செய்தார்கள். முயற்சிக்குப் புகழ் பெற்றவர்களில் பெரும்பாலோர் புதிதாகக் கற்கக்கூடியதைக் கேட்டார்கள்.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? 'மூதூருக்குப் போகும் படகில் ஒரு தடவைக்கு 35 பேர் ஏறலாம். இறங்குதுறையில் 210 பேர் நிற்கிறார்கள். எத்தனை தடவை?' என்ற கணக்கை எடுப்போம். ஒரு சிநேகிதியோடு இருத்தி, இருவரும் சேர்ந்து வாசித்துப் படம் கீறட்டும். விடையை ஒவ்வொருவரும் தனித்தனியே காணட்டும். பிறகு எங்கள் பிள்ளை அதை இன்னொருத்திக்கு விளங்கப்படுத்தட்டும். நடுவில் வரும் அந்தத் தனி ஐந்து நிமிடத்தை விட்டுவிடக் கூடாது. விட்டால் சிநேகிதிதான் படிப்பாள். கணக்கும் எட்டிப் பிடிக்கக்கூடிய உயரத்தில் இருக்க வேண்டும். ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி சொன்னதும் இதுதான்: இன்று துணையோடு செய்வதை நாளை பிள்ளை தனியே செய்யும். இத்தனைக்குப் பிறகும் ஒதுங்கினால் கண், காது, வாசிப்பு மூன்றையும் பரிசோதிப்பது நமது கடமை.

சகோதரிகளே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருந்து பேரப்பிள்ளைக்குத் தொலைபேசி எடுக்கும் அம்மம்மாமாரே, 'எத்தனை புள்ளி?' என்று கேட்பதற்கு முன் 'இன்றைக்கு எது கஷ்டமாக இருந்தது? எனக்கும் சொல்லித் தா' என்று கேளுங்கள். கதைக்க விரும்பும் பிள்ளை கணக்கையும் கதைப்பாள். சங்கம் வழங்கும் பரிசுகளில் ஒன்றையாவது, முதலாம் இடத்துக்கு அன்றி, விடாமல் முயன்று முன்னேறிய பிள்ளைக்கு ஒதுக்குங்கள்.

நூறு ஆண்டுகளாக இந்தப் பாடசாலை நமக்குத் தந்த பெரிய செல்வம் சிநேகிதம். அது இல்லாவிட்டால் இன்று இந்த மண்டபம் நிறைந்திருக்காது. அந்தச் செல்வத்தைப் படிப்பின் பெயரால் சின்னப் பிள்ளைகளிடமிருந்து பறிக்காமல், படிப்புக்கே துணையாக்குவோம்.