தகவல் நம் கைக்கு வர வேண்டும்

(யாழ்ப்பாணம் சென்று திரும்பிய குழுவின் சார்பில் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யாழ்ப்பாணத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்கிறீர்கள். நல்லூர்க் கோயிலுக்குப் போனோம், பனங்கற்கண்டும் வாங்கி வந்தோம். ஆனால் இன்று பேச நினைப்பது பொது நூலகத்தைப் பற்றி.

கே. எம். செல்லப்பா என்பவர் 1933-ல் தன் வீட்டில் சேர்த்துவைத்த புத்தகங்களில் இருந்து வளர்ந்தது அந்த நூலகம். 1959-ல் வெள்ளைக் கட்டடம் திறக்கப்பட்டது. 1981 மே இறுதியில் தொடங்கிய வன்செயலில் அது எரிக்கப்பட்டது. சுமார் 97,000 புத்தகங்களும் வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. நெருப்பைக் கண்ட தாவீது அடிகள் என்ற பாதிரியார் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார். கட்டடம் திரும்ப எழுந்துவிட்டது. போன சுவடிகள் போனவைதான்.

பிறகு யுத்தம். 1990-க்குப் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுவரவும் தடை. செய்தி கேட்க ஆசைப்பட்டவர்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். சோற்றுக்குப் படும் பாட்டைச் செய்திக்கும் பட்டிருக்கிறார்கள்.

2003-ல் அரசாங்கம் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தைச் சட்டத்தின் மூலம் அமைத்தது. கிராமங்களில் நெனசல என்ற அறிவகங்கள் திறந்து, கணினியும் இணையமும் எல்லோருக்கும் என்றார்கள். 2005-ல் ‘நூலகம்’ என்ற இணைய நூலகம் தொடங்கியது. ஈழத்துத் தமிழ்ப் புத்தகங்கள், பத்திரிகைகள், துண்டுப்பிரசுரங்கள் என்று ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். மலையக நூல்களும் அங்கே உண்டு. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருந்தால் ஒரு தீக்குச்சி போதும் என்பதை 1981-ல் படித்த சமூகம் செய்த வேலை அது.

இதைக் கேட்டபோது எங்களுக்கு நம் கதைதான் ஞாபகம் வந்தது. 1948-ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது நம் தாத்தா பாட்டிமாரிடம் அத்தாட்சி கேட்டார்கள். பிறந்த பதிவு எங்கே, தகப்பன் பிறந்த பதிவு எங்கே என்றார்கள். செக்ரோலில் பேர் இருந்தது. அந்தப் புத்தகம் துரையின் ஆபீசில் இருந்தது. கையில் கடுதாசி இல்லாததால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவரானார்கள். அதற்கு முன்பே கோ. நடேசய்யர் தோட்டத்துக்குள் தகவல் நுழைய வேண்டும் என்று பாடுபட்டார். பத்திரிகை நடத்தினார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டாக எழுதி, படிக்கத் தெரியாதவர் காதிலும் உரிமையைப் போட்டார்.

இன்று லயத்துக்கு லயம் கைத்தொலைபேசி இருக்கிறது. பாட்டு வருகிறது, படம் வருகிறது. ஆனால் ஊழியர் சேமலாப நிதியில் நம் பேரில் எவ்வளவு இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நம் சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள், கம்பனி 12 வீதம் போட வேண்டும். போட்டதா என்று பார்த்தோமா? தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் இருக்கிறது. இருந்தும் ஓர் அலுவலகத்தில் இருந்து சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தை வாசிக்க ஆள் தேடி நாம் டவுனுக்குப் போனோம். கொரோனா காலத்தில் பாடத்துக்கு சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறியதையும் மறக்க முடியாது. போன் வந்துவிட்டால் மட்டும் போதாது என்று இதனால்தான் சொல்கிறோம்.

நம் கையில் ஒரு சட்டம் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் 12-ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் உள்ளது. பிரதேச சபை, பிரதேச செயலகம், தொழில் திணைக்களம் என எந்த அரச அலுவலகத்திலும் தகவல் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழில் எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், எழுதிக்கொள்வது அந்த உத்தியோகத்தரின் கடமை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். அதற்கு மேலே ஆணைக்குழுவும் இருக்கிறது. நம் தோட்டப் பாதைக்கு ஒதுக்கிய பணம் எங்கே, வீட்டுத் திட்டப் பட்டியலில் யார் பேர் என்று இப்படிக் கேட்கலாம்.

ஆகவே இந்தக் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்கிறோம். ஒன்று, படித்த தம்பி தங்கைகள் இரண்டு பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் காரியாலயத்தில் உட்கார்ந்து, விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள், சேமலாப நிதிக் கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு, வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய சம்பளத் துண்டு, பிறப்புப் பதிவு, சங்க நோட்டீஸ், பாட்டியின் போட்டோ எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். படமெடுத்துப் பிரதி வைப்போம். அசலை உங்களிடமே திருப்பித் தருவோம்.

நாளைக்கு யாராவது அத்தாட்சி கேட்டால், நம் பிள்ளைகள் வெறுங்கையோடு நிற்கக் கூடாது.