மறுக்க இயலாததை நீக்கும் மதவெறி

(தில்லியில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



2008 பிப்ரவரி 25 அன்று தில்லிப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறைக்குள் அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத்தினர் புகுந்தனர். பொருட்கள் நொறுக்கப்பட்டன, துறைத் தலைவர் தாக்கப்பட்டார். அவர்கள் கண்ட குற்றம் ஒரு கட்டுரை. ஏ.கே.ராமானுஜன் எழுதிய ‘முந்நூறு ராமாயணங்கள்’ இளங்கலை வரலாற்று மாணவர்களுக்குப் பாடமாக இருந்தது.

ராமானுஜன் மைசூரில் பிறந்தவர். சங்கப் பாடல்களையும் நம்மாழ்வார் பாசுரங்களையும் கன்னட வசனங்களையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உலகறியச் செய்தவர். 1993இல் மறைந்துவிட்டார். தம் எழுத்துக்காக வாதாட அவர் உயிரோடு இல்லாத நிலையில்தான் இந்தத் தாக்குதல் நடந்தது.

அக்கட்டுரை ராமனை இழிவு செய்யவில்லை. ஒரே கதை காலந்தோறும் நாடுதோறும் எவ்வாறு வேறு வேறாகச் சொல்லப்பட்டது என்பதை ஐந்து எடுத்துக்காட்டுகளால் விளக்குகிறது. வால்மீகியின் அகலிகை, சாபம் பெற்றுச் சாம்பலில் எவர் கண்ணுக்கும் புலப்படாமல் கிடக்கிறாள். கம்பரின் அகலிகை கல்லாகிறாள். விமலசூரியின் சமண ராமாயணத்தில் இராவணன் அரக்கன் அல்லன். அவனைக் கொல்பவனும் ராமன் அல்லன், இலக்குவன். தாய்லாந்தின் ராமகியனில் அனுமன் பிரம்மச்சாரி அல்லன். இவை யாவும் ஏட்டில் உள்ளவை. எவரும் எடுத்துப் பார்க்கலாம்.

தமிழருக்கு இதில் வியப்பில்லை. இக்கதையை வடமொழியில் செய்தவர் மூவர் என்றும், அவருள் முந்தியவரைப் பின்பற்றியே தாம் பாடுவதாகவும் கம்பரே பாயிரத்தில் கூறுகிறார். ராமாயணம் ஒன்றல்ல என்பது கம்பருக்குத் தெரிந்திருந்தது. அதை மறைக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை.

வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. நிபுணர் குழு அமைக்கப்பட்டது. நால்வருள் மூவர் கட்டுரையை வைத்துக்கொள்ளலாம் என்றனர். எனினும் 2011 அக்டோபரில் பல்கலைக்கழகக் கல்விக்குழு அதைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. அப்போது மத்தியில் ஆட்சியில் இருந்தது பாஜக அன்று, காங்கிரஸ் தலைமையிலான அரசு என்பதை மறந்துவிடலாகாது. மதவெறி அதிகாரத்தில் அமர்ந்த பிறகுதான் அறிவைத் தாக்கும் என்பதில்லை. அதற்கு அஞ்சிப் பணியும் நிர்வாகங்கள் இருந்தால் போதும்.

நீக்கமே ஆயுதம்

கட்டுரையில் உள்ள எந்தச் செய்தியும் பொய்யென்று நிறுவப்படவில்லை. மறுக்க இயலாததை நீக்குவதே மதவெறியின் வழி. அறிவு ஒப்பிட்டுப் பார்ப்பதால் வளர்கிறது. பழைய முடிவைப் புதிய சான்றின் முன் நிறுத்தித் திருத்திக்கொள்கிறது. மதவெறியோ ஒரே நூல், ஒரே பொருள், ஒரே பண்பாடு என்கிறது. ஒப்பீடு தொடங்கிய அக்கணமே அந்த ‘ஒரே’ ஆட்டம் காண்கிறது.

அடுத்து அறிவியலின் முறை வந்தது. மனிதக் குரங்கு மனிதனாக மாறியதை எவரும் கண்டதில்லை, எனவே டார்வின் கோட்பாடு தவறு என்று 2018இல் ஒன்றிய அமைச்சர் சத்யபால் சிங் பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டாக அதை மறுத்தன. ஆனால் 2023இல், தில்லியில் இயங்கும் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பரிணாமப் பகுதி காணாமற்போனது. பாடச்சுமையைக் குறைத்ததாகக் காரணம் கூறப்பட்டது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டு எதிர்த்தனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பாடம் உண்டு என்கின்றனர். பத்தாம் வகுப்போடு படிப்பை விடும் தொழிலாளி மகளுக்கும், வணிகவியலுக்குச் செல்லும் மாணவனுக்கும் அந்த விடை எதற்குப் பயன்படும்? சுமை குறைந்ததா, உரிமை குறைந்ததா?

எந்த மதமும் விலக்கல்ல

இது ஒரு மதத்தின் நோய் அன்று. பூமி சுழல்கிறது என்றதற்காக 1633இல் கலிலியோ திருச்சபையின் விசாரணை மன்றத்தில் மண்டியிட வைக்கப்பட்டார். 2015 பிப்ரவரியில் டாக்காவில், அறிவியலையும் பகுத்தறிவையும் எழுதிவந்த அவிஜித் ராய் இஸ்லாமியத் தீவிரவாதிகளால் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாதத்தில் கோலாப்பூரில் தோழர் கோவிந்த் பன்சாரே சுடப்பட்டு உயிர்நீத்தார். மூடநம்பிக்கைகளை எதிர்த்துப் போராடிய நரேந்திர தபோல்கர் 2013இல் புனேயில் கொல்லப்பட்டிருந்தார்.

இறைநம்பிக்கையுள்ள உழைப்பாளி இப்போராட்டத்தில் எதிரி அல்லர். கோயிலுக்கோ மசூதிக்கோ செல்பவர் அறிவின் பகைவரும் அல்லர். தாம் நம்புவதைத் தவிர வேறெதையும் பிறர் அறியலாகாது என்று தடியெடுப்பவனே பகைவன். கூலி ஏன் உயரவில்லை, வேலை ஏன் இல்லை என்று கேட்கக் கற்றவர்களை ஆள்வது கடினம் என்பதால்தான் ஆளும் வர்க்கம் அந்தத் தடிக்கு நிழல் தருகிறது.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு கூறுகிறது. அக்கடமையை ஆற்றச் சங்க அலுவலகங்களும் நூலகங்களும் கிளைக் கூட்டங்களும் உள்ளன. நீக்கப்பட்ட பாடங்களை அங்கே படிப்போம், படிக்க வைப்போம்! வகுப்பறையில் மூடப்பட்ட பக்கம் மக்களிடையே திறக்கட்டும்!