அப்பா பெயரைத் தேடிப் போன கதை

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீ ரஷ்யாவில் படிச்சவன், அதைப் பத்தி ஏதாவது பேசேன்" என்றார் நம் செயலாளர். ஒரு சின்னத் திருத்தம். நான் படித்தது சோவியத் யூனியனில். அந்த நாடு 1991 டிசம்பரோடு முடிந்துபோய் 15 நாடுகளாகிவிட்டது. நான் படித்த ஹார்கிவ் நகரம் இருப்பது உக்ரைனில். என் டிகிரி சர்டிபிகேட்டில் அச்சாகியிருக்கும் நாடு இன்று எந்த வரைபடத்திலும் கிடையாது!

நம் காலத்து ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழவழ தாளைக் கிழித்துத்தான் நோட்டுக்கு அட்டை போடுவோம். அந்த அட்டைப் படங்களைப் பார்த்துப் பார்த்தே எனக்கு அந்த நாட்டின்மேல் ஆசை வந்தது என்று சொல்லலாம். இங்கே பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, 1982இல் பொறியியல் படிக்க அங்கே போனேன்.

முதல் வருஷம் முழுக்க மொழிப் பாடம்தான். எங்களுக்கு ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்கு அப்போது 48 வயது. அங்கே ஆசிரியரை 'சார்', 'மேடம்' என்று கூப்பிடும் வழக்கம் இல்லை. பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. நாம் அப்பா பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி இனிஷியல் என்று முன்னால் போட்டுக்கொள்கிறோம். அவர்கள் முழுதாகப் பின்னால் சேர்த்து வாய் நிறையச் சொல்கிறார்கள். ஆக, தினமும் நாங்கள் எல்லோரும் அவருடைய அப்பா பெயரைச் சொல்லித்தான் அவரை அழைத்தோம்.

1988இல் படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார். அப்போதுதான் அவர் சொன்னார்: "நீங்கள் எல்லோரும் தினமும் சொன்ன அந்தப் பெயருக்கு உரியவர் முகம் எனக்கு நினைவில்லை. நான் மூன்று வயதுக் குழந்தையாக இருந்தபோது, 1937இல், இரவில் வந்து அழைத்துப் போனார்கள்."

அப்பா ஒரு தொழிற்சாலைக் கணக்கர். அம்மா சிறை வாசலில் பொட்டலத்தோடு வரிசையில் நின்றார். "பத்து வருஷத் தண்டனை, கடிதம் எழுத உரிமை கிடையாது" என்று ஜன்னல் வழியே பதில் வந்தது. அம்மா 1947 வரை வருஷங்களை எண்ணினார். யாரும் வரவில்லை. ஸ்டாலின் இறந்த பிறகு, 1957இல், அப்பா குற்றமற்றவர் என்று ஒரு தாளும் இறப்புச் சான்றிதழ் ஒன்றும் கொடுத்தார்கள். 1943 பிப்ரவரியில் நுரையீரல் அழற்சியால் இறந்தார் என்று அதில் இருந்தது. அன்று முதல் பிப்ரவரி தோறும் அந்த வீட்டில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது.

நான் 2017இல் வேலை விஷயமாக மறுபடி ஹார்கிவ் போனேன். ஆசிரியைக்கு வயது 83. பார்வை மங்கிவிட்டது. 2015இல் உக்ரைன் ஒரு சட்டம் கொண்டுவந்து, சோவியத் காலத்து அடக்குமுறை அமைப்புகளின் ஆவணங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தது. "நீ படித்துச் சொல்வாயா?" என்று கேட்டார். அவருடைய மகளும் நானும் விண்ணப்பம் எழுதினோம். சில வாரங்களில் கோப்பு மேசைக்கு வந்தது.

மெல்லிய கோப்பு, நாற்பது தாள்கூட இருக்காது. முதலில் கைதானவரைப் பற்றிய படிவம்: பிறந்த தேதி, பிறந்த கிராமம், தாய் தந்தையர், என்ன தொழில், எந்த வர்க்கம், வீட்டில் யார் யார். கடைசி வரிசையில் 'மகள், 3 வயது'. பிறகு விசாரணைக் குறிப்பு. பிறகு 'த்ரோய்க்கா' என்ற மூவர் குழுவின் தீர்ப்பு. வக்கீலும் இல்லை, அப்பீலும் இல்லை. 1937-38இல் மட்டும் சோவியத் நாட்டில் 6,80,000க்கும் மேற்பட்டவர்கள் இப்படிச் சுடப்பட்டதாக அந்த அரசின் கணக்கே சொல்கிறது. அடுத்து அரைத் தாள் ஒன்று: தண்டனை நிறைவேற்றப்பட்டது, 1937 டிசம்பர்.

அப்படியானால் அந்த 1943? அதற்கும் கோப்பின் கடைசியில் ஒரு தாள் இருந்தது. குடும்பத்துக்கு இன்ன தேதி, இன்ன நோய் என்று சொல்லவும் என்ற உத்தரவு. இது ஒரு வீட்டுக்கு மட்டும் நடந்ததல்ல. சுடப்பட்டவர்களின் குடும்பத்துக்குப் பொய்த் தேதியும் பொய்க் காரணமும் சொல்ல வேண்டும் என்று 1955இல் கே.ஜி.பி. விதியே போட்டிருந்தது.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? மூன்று நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் வரி வரியாக வாசித்தேன். அவர் அழவில்லை. "அப்படியென்றால் அம்மா அந்தக் குளிரில் நின்றதெல்லாம் இல்லாத ஒருவருக்காக" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கிராமத்தின் பெயரை மறுபடி வாசி" என்றார்.

அந்த ஊர்ப் பெயர் அவருக்கு அதுவரை தெரியாது. பயத்தில் அம்மா அதைக்கூடச் சொல்லாமல் போயிருக்கிறார். பாருங்கள், அந்த மனிதரை அழித்தவர்கள்தான் அவர் எங்கிருந்து வந்தார் என்பதை அக்கறையாக எழுதி வைத்திருந்தார்கள்.

அங்கே பூர்வீகம் தேடுகிறவர்களுக்கு ஊர்ப் பெயர்தான் சாவி. குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அங்கே ஆவணங்கள் ஆள் வாரியாக இல்லை, அவற்றை வைத்திருந்த அலுவலகம் வாரியாக அடுக்கியிருக்கும். 'ஃபோண்ட்' என்றால் ஒரு அலுவலகத்தின் மொத்தத் தொகுதி. 'ஓபிஸ்' அதன் பட்டியல். 'த்யேலோ' தனிக் கோப்பு. இந்த மூன்று எண்ணும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

புரட்சிக்குப் பிந்திய பிறப்பு, திருமணம், இறப்பெல்லாம் 'ஸாக்ஸ்' என்ற பதிவு அலுவலகத்தில் இருக்கும். அதற்கு முந்தியவை சர்ச்சின் 'மெட்ரிக்' புத்தகங்களில். 1722இல் மகா பீட்டர் காலத்தில் இதற்கு உத்தரவு வந்தது. யூதர்களுக்கு 1835 முதல் தனிப் புத்தகங்கள் உண்டு. அதற்கும் முன்னால் போக, வரி வசூலுக்காக எடுத்த 'ரெவிஸ்யா' பட்டியல்கள். 1719 முதல் 1858 வரை பத்து முறை எடுத்தார்கள். கடைசிப் பட்டியல்களில் இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். பண்ணையடிமைகளாக இருந்தால் நிலப்பிரபுவின் பெயருக்குக் கீழேதான் தேட வேண்டும். பலருக்குக் குடும்பப் பெயர்கூட இருக்காது, சொந்தப் பெயரும் அப்பா பெயரும் மட்டும்தான்.

நான் அசடு வழிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். படிவத்தில் பிறந்த தேதி 1902 ஜனவரி 3. நான் 1902ஆம் வருஷப் புத்தகத்தை இரண்டு நாள் புரட்டினேன். ஆள் இல்லை. கண் வலித்ததுதான் மிச்சம். பக்கத்து மேசைக்காரர் என் காகிதத்தை எட்டிப் பார்த்து, "பழைய காலண்டர்!" என்றார். ரஷ்யாவில் 1918 வரை ஜூலியன் காலண்டர். 1918 ஜனவரி 31க்கு மறுநாளே பிப்ரவரி 14! அந்தப் பதின்மூன்று நாளைக் கழித்தால், குழந்தை பிறந்தது 1901 டிசம்பர் 21. முந்திய வருஷப் புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கங்களில் இருந்தது: குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப் பெற்றோர், பாதிரியார் கையெழுத்து.

அங்கிருந்து பின்னோக்கிப் போனோம். 1858 பட்டியலில் ஆசிரியையின் கொள்ளுத்தாத்தா பத்து வயதுப் பையன். அவனுடைய அப்பாவின் பெயருக்கு எதிரே, '1854இல் படைக்கு எடுக்கப்பட்டார்' என்று ஒரு வரி. அது கிரிமியப் போர் நடந்த காலம். அதைக் கேட்டதும் ஆசிரியை மெதுவாகச் சிரித்தார். "எங்கள் வீட்டில் அப்பா இல்லாமல் வளர்ந்தது நான் மட்டும் இல்லை" என்றார்.

அந்த வருஷம் டிசம்பரில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். சரியான நாளில் ஏற்றியது அதுதான் முதல் தடவை. ஆசிரியை 2021இல் காலமானார்.

2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கி, ஹார்கிவ் மேல் குண்டுகள் விழுந்தன. அவருடைய மகள் ஒரே ஒரு பையோடு ஊரைவிட்டு வெளியேறினார். சில மாதம் கழித்து எனக்குச் செய்தி அனுப்பினார்: "தாத்தாவின் கோப்பை நாம் படம் பிடித்தோமே, உங்களிடம் இருக்கிறதா? என்னுடையது வீட்டோடு போய்விட்டது." இருந்தது. நம் ஊரில், என் பீரோவில், பிரிண்ட் போட்டுத் தைத்து வைத்திருந்தேன். அன்றைக்கே அனுப்பினேன்.

காகிதம் பொய் சொல்லும் என்பதை அந்த 1943 எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஆனால் ஒரு காகிதத்தின் பொய்யை இன்னொரு காகிதம்தான் காட்டிக்கொடுக்கிறது. அந்த இன்னொன்று மிஞ்சியிருக்க வேண்டும், அவ்வளவுதான். 2003இல் கமியானெத்ஸ்-போதில்ஸ்கி நகரக் காப்பகத்தில் தீப்பிடித்து எத்தனையோ பழைய புத்தகங்கள் கருகின. 2022 நவம்பரில் ரஷ்யப் படை கெர்சோனை விட்டுப் பின்வாங்கியபோது அங்கிருந்த காப்பகத்தின் ஆவணங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 2021 டிசம்பரில் ரஷ்யாவின் உச்ச நீதிமன்றம், ஸ்டாலின் காலத்தில் பலியானோரின் பெயர்களை லட்சக்கணக்கில் திரட்டிய 'மெமோரியல்' அமைப்பையே கலைக்கச் சொன்னது. திறந்த கதவு திறந்தே இருக்கும் என்று யாரும் நம்பக் கூடாது.

தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களுடைய அப்பா அம்மா பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய போட்டோவின் பின்பக்கத்தில் பெயரை எழுதி வையுங்கள். எழுதியதில் ஒரு நகலை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் கொடுத்து வையுங்கள். என் ஆசிரியைக்கு இந்த விவரம் கிடைக்க எண்பது வருஷம் ஆயிற்று. உங்களுக்கு ஒரு சாயங்காலம் போதும்.

சமையல் வாசனை வந்துவிட்டது. இனிமேலும் பேசினால் நண்பர்கள் பழைய பட்டப்பெயரை மேடையிலேயே சொல்லிவிடுவார்கள்.