கூட்டம் கலையும் நொடி

திருப்பதி இன்னும் சித்தூர் மாவட்டத்தில் இருந்த 2008-ஆம் ஆண்டு, ஜூலை 7 அன்று, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பக்தி சேனல் தொடங்கியது. பின்னர் தமிழுக்கும், அக்டோபர் 2021-இல் கன்னடத்துக்கும் இந்திக்கும் தனி அலைவரிசைகள் வந்தன.

அதன் அருமை ஊரறியத் தெரிந்தது 2020-இல். கொரோனாவால் மார்ச் 20 முதல் திருமலையில் பக்தர்களுக்குத் தரிசனம் நின்றது. செப்டம்பர் பிரம்மோற்சவம் மாடவீதிகளுக்கு வராமல் கோயிலுக்குள் ஏகாந்தமாக நடந்தது. கருடசேவைக்கு நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் அவ்வாண்டு திரைமுன் அமர்ந்தது. ஆகஸ்டில் தொடங்கிய இணையவழிக் கல்யாணோற்சவம் அதற்கும் ஒரு படி மேல். சீட்டு வாங்கிய தம்பதியர் நண்பகல் 12 மணிக்கு வீட்டிலேயே பட்டுடுத்தி உட்கார்ந்து, அர்ச்சகர் சங்கல்பம் சொல்லச்சொல்லத் தங்கள் பெயரையும் கோத்திரத்தையும் சொன்னார்கள். உத்தரீயமும் ரவிக்கைத் துணியும் அட்சதையும் அஞ்சலில் போய்ச் சேர்ந்தன.

இணைய நேரலையில் காட்சி சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, பார்ப்பவருக்கு அருகிலுள்ள சர்வர்கள் வழியே வருகிறது. சில துண்டுகளைச் சேர்த்துக்கொண்டுதான் கைபேசி ஓட்டத் தொடங்கும். தாமதம் அங்கே பிறக்கிறது. சங்கல்பத்துக்கு அது குறையே அல்ல. கிரிக்கெட்டுக்கோ பெருங்குறை: பந்து கைபேசிக்கு வருமுன் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் கூச்சல் விக்கெட்டைச் சொல்லிவிடும். பார்ப்பவர் அந்த நொடியை எதற்காகப் பார்க்கிறார் என்பதே, இன்று பட்டம் பெறும் பொறியாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. விடுதிப் பொது அறையில் ஒரே பெட்டி, மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்ப ஒருவர் என்றிருந்த தலைமுறைக்கு அந்தக் கேள்வி எழவில்லை; தெரிந்தால் எல்லாருக்கும் ஒன்றாகத் தெரியும், போனால் ஒன்றாகப் போகும்.

இணைய நேரலையின் பெரும் வளர்ச்சி 2015-இல் தொடங்கிய ஹாட்ஸ்டார் செயலியுடையது. ஜூலை 10, 2019 அன்று மான்செஸ்டரில் நியூசிலாந்துக்கு எதிரான இந்தியாவின் உலகக் கோப்பை அரையிறுதி. தோனி ஆடிக்கொண்டிருந்தபோது ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 2.53 கோடி. நியூசிலாந்து வீரர் கப்டிலின் எறி நேராக ஸ்டம்பில் பட்டது. தோனி ரன் அவுட். சில நிமிடங்களில் எண்ணிக்கை 10 லட்சத்துக்கும் கீழே விழுந்தது.

கூட்டம் போனால் சுமை குறையும் என்று தோன்றும். நடப்பது வேறு. கோடிக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ‘பேக்’ பொத்தானை அழுத்த, அத்தனை பேரும் செயலியின் முகப்புப் பக்கத்தில் போய் விழுகிறார்கள். முகப்போ ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொகுத்துத் தரப்பட வேண்டியது. வீடியோவுக்கென்று கட்டிய வலிமை அங்கே உதவாது. தானாகப் பெருகும் சர்வர்களும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டா. அதனால் ஆட்டம் தொடங்குமுன்பே கூடுதல் சர்வர்கள் ஏற்றி வைக்கப்படுகின்றன. செயற்கையாகக் கூட்டத்தை உருவாக்கி ஒத்திகையும் பார்க்கப்படுகிறது. நெருக்கடி முற்றினால் பரிந்துரைகள் போன்ற உபசேவைகளை நிறுத்தி, ஆட்டத்தை மட்டும் காப்பாற்றுகிறார்கள்.

நவம்பர் 19, 2023 ஆமதாபாத் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஒரே நேரத்தில் பார்த்தவர்களின் எண்ணிக்கை 5.9 கோடியைத் தொட்டது.